காலுக்குள் ஒரு கம்பிச்சுருள்

எங்கள் பெரியப்பாவுக்கு எழுபத்தொரு வயதில் திடீரென்று சுவரொட்டிகளின்மேல் ஆர்வம் வந்தது. வீட்டிலிருந்து பெருமாள் கோயிலுக்கு அரை மைல் தூரம்கூட இராது. அதற்குள் நான்கு இடங்களில் நின்று, கண்ணீர் அஞ்சலி முதல் காதணி விழா வரை ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்துவிட்டே நகர்வார். வயதானவர், உலக நடப்பை அறிந்துகொள்கிறார் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஆறு மாதம் கழித்தே உண்மை தெரிந்தது. இருநூறு அடி நடந்தால் கெண்டைக்கால் சதை இறுகி வலிக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். நிற்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. சுவரொட்டிகள் அதனைத் தந்தன. ஜெர்மானிய மொழியில் இந்நோய்க்குக் 'கடைச்சன்னல் நோய்' என்றே ஒரு பெயர் உண்டென்று பின்னாளில் படித்தபோது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. அங்கும் பெரியப்பாக்கள் இருந்திருக்கிறார்கள். கடைக் கண்ணாடிக்குப் பின்னே அடுக்கிய பொருள்களைப் பார்ப்பதுபோல் நின்றிருக்கிறார்கள்.

தொடைத் தமனியில் அடைப்பு என்றார்கள். ஊர் வழக்கில் சொன்னால், 'ஸ்பிரிங்' வைத்தார்கள். ஓராண்டுக்கும் மேல் பெரியப்பா சுவரொட்டி படிக்காமல் கோயிலுக்குப் போய்வந்தார். பதினான்காம் மாதம் வலி திரும்பியது.

"ஏம்ப்பா, நாலு புத்தகம் படிக்கிற பிள்ளையாச்சே நீ. இந்த ஸ்பிரிங் எத்தனை வருஷம் தாங்கும்னு பார்த்துச் சொல்லேன்" என்றார். தமிழிலக்கியம் கற்பிக்கும் நமக்கு இது பாடத்திட்டத்திற்கு வெளியே உள்ள கேள்வி. ஆயினும் தேடிப் புறப்பட்டோம். நேரான விடை கிடைப்பதற்கு முன் ஒரு வரலாறு கிடைத்தது. அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சொல்லிலிருந்து தொடங்குவது நம் தொழிற்பழக்கம். நடந்தால் வலித்து நின்றால் தீரும் இந்த வலிக்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர் 'கிளாடிகேஷன்'. நொண்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. ரோமப் பேரரசன் கிளாடியஸின் பெயரும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. இப்பெயர் முதலில் மனிதனுக்குச் சூட்டப்படவில்லை. 1831இல் பிரான்சில் பூலே என்னும் கால்நடை மருத்துவர், ஓடும்போது மட்டும் பின்னங்கால் நொண்டிய ஒரு குதிரையை ஆராய்ந்து, அதன் தொடைத் தமனி அடைபட்டிருந்ததைக் கண்டு எழுதினார். மனிதக் காலிலும் அதுவே நிகழ்கிறது என்று ஷார்கோ எழுதியது 1858இல். குதிரைக்கும் மனிதனுக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள்.

'ஸ்டென்ட்' என்னும் சொல்லோ இன்னும் விநோதமானது. சார்லஸ் ஸ்டென்ட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் வாழ்ந்த பல் மருத்துவர். பல்லின் அச்செடுக்கும் ஒரு கலவையை 1856இல் அவர் செம்மைப்படுத்தினார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குத் தோல் ஒட்டிய டச்சு அறுவை மருத்துவர் எஸ்ஸர், ஒட்டிய தோல் நகராதிருக்க அக்கலவையைத் தாங்கலாகப் பயன்படுத்தினார். அதன்பின் உடலுக்குள் எதைத் தாங்கிப் பிடித்தாலும் அது ஸ்டென்ட் என்றாயிற்று. பல்லுக்கு வைத்த பெயர் காலுக்கு வந்து சேர்ந்த கதை இது. தமனியைக் கனவிலும் எண்ணியிராத மனிதரின் பெயரை இன்று உலகமெங்கும் நோயாளிகள் உச்சரிக்கிறார்கள்.

இனி, கதையின் நடுவிடத்திற்கு வருவோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். 1964ஆம் ஆண்டு ஜனவரி 16. எண்பத்திரண்டு வயது மூதாட்டி ஒருவர் பல்கலைக்கழக மருத்துவமனையில் படுத்திருந்தார். இடக்காலில் ஆறாப் புண். விரல்கள் அழுகத் தொடங்கிவிட்டன. காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். மூதாட்டி மறுத்துவிட்டார். வேறு வழியின்றி அவரைக் கதிரியல் துறைத் தலைவர் சார்லஸ் டாட்டரிடம் அனுப்பினர்.

டாட்டர் ஊடுகதிர்ப் படம் எடுப்பவர், அறுவை மருத்துவரல்லர். முந்தைய ஆண்டு ஒரு நோயாளிக்குப் படமெடுக்கக் குழாயைச் செலுத்தியபோது, அடைபட்டிருந்த இடுப்புத் தமனியினூடே அது தற்செயலாகப் புகுந்து வழி திறந்துவிட்டதை அவர் கண்டிருந்தார். படமெடுக்கும் குழாயே மருத்துவமும் செய்யலாம் என்று 1963இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரியில் நடந்த மாநாட்டில் அறிவித்துமிருந்தார். இப்போது வாய்ப்பு வந்தது. மூதாட்டியின் தொடைத் தமனியில் குறுகிய ஓர் இடம். மெல்லிய கம்பியொன்றை அதனூடே செலுத்தி, கம்பியின்மேல் டெஃப்லான் குழாய் ஒன்றையும், அதன்மேல் சற்றே தடித்த மற்றொன்றையும் ஏற்றினார். அவ்வளவுதான். நிமிடங்களில் கால் வெதுவெதுப்பாயிற்று. ஒரு வாரத்தில் வலி நின்றது. மூன்று விரல்கள் தாமாக உதிர்ந்தன, கால் நின்றது. இரண்டரை ஆண்டு கழித்து மூதாட்டி நிமோனியாவால் இறக்கும்வரை அத்தமனி திறந்தே இருந்தது; அவரும் சொந்தக் கால்களில் நடந்தார்.

உலகின் முதல் சிகிச்சையின் விளைவு இது. கால் காக்கப்பட்டது, வலி நின்றது, நோயாளி நடந்தார். இதனை இங்கே குறித்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். பின்னாளில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் வேறொன்றை அளந்தன.

டாட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. முப்பத்திரண்டு வயதில் துறைத் தலைவரானவர், மலையேறி, கருவிகளைத் தாமே செய்துகொள்பவர். கித்தார் நரம்பும் வோக்ஸ்வாகன் காரின் வேகமானிக் கம்பியும் அவர் கையில் மருத்துவக் கருவிகளாயின. 1963இல் சிகாகோ மாநாடொன்றில், சிறு கடை விரித்திருந்த பில் குக் என்னும் இளைஞரிடம் ஊதுவிளக்கைக் கடன் வாங்கிச் சென்று, விடுதி அறையில் இரவோடிரவாகக் குழாய்கள் செய்து மறுநாள் கொணர்ந்தார் என்பர். அவ்விளைஞரின் நிறுவனம் பின்னர் இத்துறையின் பெருநிறுவனங்களுள் ஒன்றானது. தண்ணீர்க் குழாயையும் திருகுச் சாவியையும் குறுக்காக வைத்த படத்தையே டாட்டர் தம் சின்னமாகக் கொண்டிருந்தார். குழாய் பழுதுபார்ப்பவர் செய்வதைத் தமனியில் ஏன் செய்யக்கூடாது என்பது அவருடைய எளிய கேள்வி.

சகமருத்துவர்கள் அவரைக் 'கிறுக்கு சார்லி' என்றனர். 1964 ஆகஸ்டில் லைஃப் இதழ் வெளியிட்ட படங்களில் அவர் முகம் அப்பெயருக்குப் பொருத்தமாகவே இருந்ததாகச் சொல்வார்கள். அறுவை மருத்துவர் ஒருவர் நோயாளியைப் படமெடுக்க அனுப்பியபோது, படம் மட்டும் எடுக்கவும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதி அனுப்பினாராம். டாட்டர் சரிசெய்துவிட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சொந்த நாட்டில் கிடைக்காத மதிப்பு அவருக்கு ஐரோப்பாவில் கிடைத்தது. அதுவும் அகராதியில் கிடைத்தது. டச்சு மொழியில் இன்றும் அடைபட்ட தமனியைத் திறப்பதற்கு 'டாட்டரன்' என்பதே வினைச்சொல்! ஒருவருடைய பெயர் வினைச்சொல்லாவதைவிடப் பெரிய விருது உண்டா என்று மொழி கற்பிக்கும் நாம் வியக்கிறோம்.

அந்த ஐரோப்பியக் கிளையில் முளைத்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். ஜூரிச்சில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் பி.வி.சி. பலூன்களைச் செய்து செய்து பார்த்தவர். 1974 பிப்ரவரியில் அவர் முதன்முதலாக அப்பலூனை ஊதி விரித்ததும் ஒரு கால் தமனியில்தான். 1977 செப்டம்பரில் அது இதயத்திற்குப் போனது. புகழும் உடன் போயிற்று. இன்று ஸ்டென்ட் என்றதும் எல்லோரும் நெஞ்சைத் தொட்டுக்கொள்கிறார்கள். வரலாற்றில் கால்தான் மூத்த பிள்ளை. மூத்த பிள்ளைகளுக்கு வழக்கமாக நேர்வதே அதற்கும் நேர்ந்தது.

பலூன் விரித்த இடம் மீண்டும் சுருங்கியது. உள்ளே ஒரு தாங்கல் வேண்டும் என்பதை டாட்டர் 1964இலேயே எண்ணியிருந்தார். 1969இல் நாய்களின் முழங்கால் பின்புறத் தமனிகளில் பிளாஸ்டிக் குழாய்களை வைத்தார். அவை உடனே அடைபட்டன. பின் எவர்சில்வர் கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்தார். சில சுருள்கள் இரண்டாண்டுக்கு மேலும் திறந்திருந்தன. நம்மூர் மக்கள் 'ஸ்பிரிங்' என்று சொல்வதைக் கேட்டுப் படித்தவர்கள் புன்னகைப்பதைப் பார்த்திருக்கிறோம். புன்னகைக்க ஒன்றுமில்லை. முதற்கருவி உண்மையிலேயே சுருள்கம்பி. டாட்டர் தம் கட்டுரைத் தலைப்பிலேயே அதனை அப்படித்தான் அழைத்தார்.

அடுத்து வந்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த ஹூலியோ பால்மாஸ். 1978இல் குருன்ட்சிக்கின் உரையைக் கேட்டுவிட்டு வந்தவருக்குத் தம் கார் கொட்டகையில் ஒரு துண்டு வலைத்தகடு கண்ணில் பட்டது. சுவர்ப்பூச்சுக்கு அடியில் கொத்தனார் வைப்பது. கீறிவிட்டு இழுத்தால் சாய்சதுரக் கண்களாக விரியும் தகடு. அதிலிருந்து பிறந்தது பலூனால் விரியும் உலோக வலை. அதற்கு முதலிட்டவர் உணவகம் நடத்திய ஒருவர். கொத்தனார் தகடு, உணவகப் பணம், பல் மருத்துவர் பெயர்! 1987இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் முதன்முதலாக ஒரு நோயாளியின் இடுப்புத் தமனியில் அது வைக்கப்பட்டது. 1991இல் அமெரிக்க அரசின் ஒப்புதல், இடுப்புத் தமனிக்கென்றே, கிடைத்தது. டாட்டர் அதனைக் காணவில்லை. 1985 பிப்ரவரியில் அவர் இறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் குருன்ட்சிக்கும் தாமே ஓட்டிச்சென்ற விமானம் விழுந்து மாண்டார்.

இதன்பிறகுதான் பெரியப்பாவின் கேள்வி மருத்துவ உலகின் கேள்வியும் ஆயிற்று: எத்தனை நாள் தாங்கும்?

விடை, காலின் எவ்விடம் என்பதைப் பொறுத்தது. இடுப்புத் தமனி அகலமானது, அதிகம் அசையாதது. அங்கே ஸ்டென்ட் நன்றாகவே உழைத்தது. ஆயினும் நெதர்லாந்தில் 279 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அடக்கமான செய்தியைச் சொன்னது: எல்லோருக்கும் முதலிலேயே ஸ்டென்ட் வைப்பதும், பலூன் போதாத இடத்தில் மட்டும் வைப்பதும் ஏறத்தாழ ஒரே பயனையே தந்தன. பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பலூனே போதுமானதாயிருந்தது.

தொடைத் தமனியின் கதை வேறு. இடுப்பிலிருந்து முழங்கால்வரை நீண்டு கிடக்கும் அக்குழாய் நாம் உட்காரும்போது மடிகிறது, நடக்கும்போது முறுகுகிறது, நீள்கிறது, சுருங்குகிறது; தசைகள் அதனைப் பக்கவாட்டில் பிசைகின்றன. அங்கே வைத்த எவர்சில்வர் வலைகள் நசுங்கினால் நசுங்கியபடியே கிடந்தன. பலூனைவிட அவை மேலல்ல என்றே தொடக்க ஆய்வுகள் முடிவு கட்டின. பிறகு நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் பிறந்த உலோகம் அது. அக்கூடத்தின் முதலெழுத்துகளே அதன் பெயரின் வாலாக உள்ளன. நசுக்கினாலும் பழைய வடிவை நினைவிற்கொண்டு மீள்வது. ஆயுதத்திற்கான ஆய்வு முதியவர்களின் தொடைக்கு வந்து சேர்ந்தது.

நினைவாற்றல் உள்ள உலோகமும் களைப்படையும். 2005இல் ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஸ்டென்ட் வைத்த 121 கால்களை ஊடுகதிரில் பார்த்தது. சராசரியாக பதினொரு மாதங்கூட ஆகவில்லை; 45 கால்களில் கம்பி முறிந்திருந்தது. அதாவது நூற்றுக்கு 37. நீளமான ஸ்டென்ட்களில் முறிவு மிகுதி. முறிந்த இடங்களில் அடைப்பும் மிகுதி.

மறு ஆண்டு வியன்னாவிலிருந்து நல்ல செய்தி வந்தது. 104 நோயாளிகள், பாதிப்பேருக்கு நிட்டினால் ஸ்டென்ட், மீதிப்பேருக்குப் பலூன், தேவைப்பட்டால் மட்டும் ஸ்டென்ட். ஓராண்டு முடிவில் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கும், மற்றவர்களில் 63 பேருக்கும் மீண்டும் பாதிக்கு மேல் குறுகியிருந்தது. இவ்வாய்வு நமக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அது நோயாளிகளை நடக்கவிட்டும் பார்த்தது என்பது. ஓராண்டில் ஸ்டென்ட் அணி நின்று வலி தீர்க்காமல் சராசரியாக 387 மீட்டரும், மற்ற அணி 267 மீட்டரும் நடந்தன. வேறுபாடு 120 மீட்டர். எங்கள் தெருவில் அது ஏறக்குறைய இரண்டு சுவரொட்டிகளின் இடைவெளி.

பெரியப்பா அந்த முப்பத்தேழு பேர் பக்கம் நின்றவர். கம்பி கெட்டுப்போகவில்லை. கம்பி அழுத்தும் இடத்தில் தமனிச்சுவர் தன்னைக் காயப்பட்டதாகக் கருதித் தழும்புத் திசுவை வளர்த்துக்கொண்டே போகிறது. அதுவே புதிய அடைப்பாகிறது. அவ்வளர்ச்சியைத் தடுக்கப் பாக்லிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்தைப் பூசிய ஸ்டென்ட்களும் பலூன்களும் வந்தன. அத்தகைய ஸ்டென்ட் ஒன்றின் ஐந்தாண்டுக் கணக்கு 2016இல் வெளியானபோது, அதனை வைத்தவர்களில் நூற்றுக்கு 66 பேருக்குத் தமனி திறந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 43 பேருக்கே. எல்லோரும் மகிழ்ந்திருந்த வேளையில், 2018 டிசம்பரில் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு குழு, ஐந்தாண்டில் மருந்து பூசிய கருவி பெற்றவர்களில் நூற்றுக்கு 14.7 பேரும் மற்றவர்களில் 8.1 பேரும் இறந்திருப்பதாக எழுதியது. உலகமெங்கும் அக்கருவிகளின் பயன்பாடு சரிந்தது. அமெரிக்க அரசு எச்சரித்தது. மேலும் தரவுகளைத் திரட்டிய பின், மரண அபாயம் கூடுகிறது என்பதற்கு அவை ஆதரவளிக்கவில்லை என்று அதே அரசு 2023 ஜூலையில் அறிவித்தது. நான்கரை ஆண்டு மருத்துவர்களும் நோயாளிகளும் பட்ட கலக்கத்தை எந்த அட்டவணையும் காட்டாது.

இவ்வளவு எண்களையும் படித்துவருகையில் ஒரு நெருடல். 'திறந்திருந்தது' என்று ஆய்வுகள் சொல்வது தமனியை. பெரியப்பா கேட்பது கோயிலை. இரண்டும் ஒன்றல்ல. தமனி பாதி குறுகியிருந்தும் வலியின்றி நடப்பவர்கள் உண்டு. திறந்திருந்தும் நடக்காதவர்கள் உண்டு. நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையிலுள்ளோரில் ஐந்தாண்டுகளில் காலை இழப்பவர் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான். அவர்களுக்கு உண்மையான ஆபத்து இதயத்திலும் மூளையிலும் காத்திருக்கிறது. ஓய்விலும் வலித்து, புண் ஆறாமல், விரல் கறுத்துவிட்டவர்களின் நிலையே போர்ட்லண்ட் மூதாட்டியின் நிலை. அங்கே கேள்வி நடையன்று, கால்.

அத்தகையோருக்கு எது மேல் என்பதில் இன்னும் ஒருமித்த தீர்ப்பில்லை. 2022இல் வெளியான, 1,830 பேரைக் கொண்ட பெரும் ஆய்வொன்றில், காலிலிருந்து எடுக்க நல்ல சிரை இருந்தவர்களுக்குப் பைபாஸ் அறுவையே மேலாயிருந்தது. மறு ஆண்டே பிரிட்டனை மையமாகக் கொண்ட, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரின் ஆய்வு, பலூன் வழியே மேல் என்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், பாடபேதங்களோடு மல்லாடும் பதிப்பாசிரியரின் நிலைதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டு சுவடிகளும் நல்ல சுவடிகள்; சொல்வதுதான் வேறு.

நடை வலிக்காரர்களுக்கோ 2012இல் அமெரிக்காவில் ஓர் அரிய ஒப்பீடு வெளியாயிற்று. வயிற்றுப் பெருந்தமனியிலும் இடுப்புத் தமனியிலும் அடைப்புள்ள 111 பேர். ஓர் அணிக்கு மருந்து மட்டும். ஓர் அணிக்கு ஸ்டென்ட். மற்றோர் அணிக்கு மேற்பார்வையில் நடைப்பயிற்சி. ஆறு மாதத்தில் நடக்க முடிந்த நேரம் மருந்து அணிக்கு 1.2 நிமிடமும், ஸ்டென்ட் அணிக்கு 3.7 நிமிடமும், பயிற்சி அணிக்கு 5.8 நிமிடமும் கூடியிருந்தது! ஸ்டென்ட் அணியினர் தம் வாழ்க்கை மேம்பட்டதாக அதிகம் உணர்ந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னர் 2015இல், 'டாட்டரன்' என்னும் வினைச்சொல் வழங்கும் நெதர்லாந்தில், 212 பேரை வைத்து, இரண்டையும் சேர்த்துச் செய்தால் பயிற்சி தனித்துத் தருவதைவிட மேலான பயன் கிட்டுகிறது என்று காட்டினார்கள். தமனியைத் திறப்பது ஒன்று. திறந்த தமனியைக் கொண்டு நடப்பது மற்றொன்று. நடைப்பயிற்சிக்குக் கம்பெனி விளம்பரம் கிடையாது; எனவே அதைப்பற்றி நம்மூரில் அதிகம் கேள்விப்படுவதில்லை என்று எண்ணுகிறோம்.

பெரியப்பாவுக்கு இரண்டாம் முறை ஸ்டென்ட் வைக்கவில்லை. பழைய கம்பிக்குள் மருந்து பூசிய பலூனை விரித்தார்கள். சிகரெட்டை விடச்சொன்னார்கள், அதனை அவர் அரைமனத்தோடு விட்டார். நடக்கவும் சொன்னார்கள். வலி வரும்வரை நடந்து, வலி தாங்குமளவு தாங்கி, நின்று, தீர்ந்ததும் மீண்டும் நடப்பது. வாரத்திற்கு மூன்று நாளாவது, மூன்று மாதமாவது. நிற்பதே சிகிச்சையின் பகுதி என்று கேட்டதும் பெரியப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியை நாங்கள் பார்த்தோம். இரண்டாண்டாக எதை மறைக்கச் சுவரொட்டி படித்தாரோ, அதையே மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஸ்பிரிங் எத்தனை வருஷம் தாங்கும் என்ற கேள்விக்கு, நாம் படித்ததையெல்லாம் சுருக்கி, "தொடையிலே வச்சது ஓராண்டிலே நூத்துக்கு அறுபத்து மூணு பேருக்கு நல்லா இருந்துச்சாம், பெரியப்பா. ரெண்டாம் ஆண்டிலே பாதிப்பேர் சொச்சம்" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு நாட்காட்டியை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலால் ஓர் எண்: அன்று கோயிலுக்குப் போய்வர எத்தனை முறை நின்றார் என்பது. மாதத் தொடக்கத்தில் ஆறு, ஏழு. நடுவில் ஐந்து. ஏகாதசியன்று மட்டும் கூட்டம் காரணமாக ஒன்பது. அதனைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அருகிலேயே எழுதியிருந்தார். நேற்றைய தேதியின்கீழ் இரண்டு.